ஒண்ணேஒண்ணு சாரின் தோட்டாக்கள்

வளைகுடாவில் இருக்கும் அத்தனை தமிழர்களிலும், துப்பாக்கியை உயிராக நேசித்து, போட்டியில் ஒரு தடவைகூடச் சுடாமல் வருஷக்கணக்கில் காலம் தள்ளியவர் எங்கள் ஒண்ணேஒண்ணு சார் ஒருவர்தான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. இவரை மிஞ்சிய ஆள் சலாலாவிலோ மஸ்கட்டிலோ இருந்தால் எழுதுங்கள். தோல்வியை ஒப்புக்கொண்டு பிரியாணி வாங்கித் தருகிறேன்.

ஷார்ஜாவில் ஏ.சி. மாட்டும் கம்பெனி ஒன்றில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். அவர் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்குத் தலைவர். நான் எஸ்டிமேட் போடுகிறவன். அவர் கோயம்புத்தூர், நான் மதுரை. முவைலாவில் ஒரே கட்டடத்தில் அவர் வீடு மேலே, என் வீடு கீழே. தினமும் அவர் காரில்தான் ஆபீஸ் போவேன். அதனால் அவரைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது, அவரிடமிருந்து தப்பித்துக்கொள்ள என்னைவிட வழியில்லாதவனும் கிடையாது.

அந்தப் பெயர் வந்ததற்கு அவரேதான் காரணம். எதில் கோளாறு வந்தாலும் கையை உயர்த்தி, "பொறுங்க, ஒண்ணே ஒண்ணு மட்டும் மாத்திப் பாப்போமுங்க" என்பார். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எதனால் சரியாயிற்று என்று தெரியாதாம். தெரியாவிட்டால் போகிறது, சரியானால் போதாதா என்று ஒருவன் கேட்டான். அவனை அவர் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. கேட்டவன் நான்தான்.

ஒரு ஆகஸ்டில் எங்கள் ஆபீஸ் ஏ.சி. படுத்துவிட்டது. ஊருக்கெல்லாம் குளிர் விற்கிற கம்பெனி அது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பெஷாவர்க்கார மெக்கானிக் வந்து, ஃபில்டர், கேஸ், தெர்மோஸ்டாட் மூன்றையும் மாற்றிவிட்டு அரை மணி நேரத்தில் கிளம்பத் தயாராக இருந்தான். சார் விடவில்லை.

"இன்னைக்கு ஃபில்டர் மட்டும். எப்புடி இருக்குன்னு நாளைக்குப் பாத்துட்டு அப்புறம் கேஸ்."

"பாய், தப் தக் சப் லோக் மர் ஜாயேங்கே!" என்று மெக்கானிக் கதறினான். அதற்குள் எல்லோரும் செத்துப்போவார்கள் என்று அர்த்தம். சார் அசரவில்லை. ஏ.சி. பிழைத்து எழுவதற்குள் எங்கள் மேனேஜர் டையைக் கழற்றி, பட்டனைக் கழற்றி, கடைசியில் பனியனோடு மீட்டிங் நடத்தினார்.

இன்னொரு தடவை காரில் டொக் டொக் என்று ஒரு சத்தம். ஒர்க் ஷாப்பில் விடுங்கள் என்றேன். அவர் கேட்டால்தானே! ஒரு நாள் ஸ்டெப்னியை எடுத்து வீட்டில் வைத்துவிட்டு ஓட்டினார், சத்தம் நிற்கவில்லை. மறுநாள் ஜாக்கியை எடுத்தார். அடுத்த நாள் பின் சீட்டுக் குடை. அப்புறம் ஒரு காலையில் கார்க் கதவைத் திறக்கப் போன என்னை நிறுத்தி, "தம்பி, தப்பா நெனைக்காதீங்க. இன்னைக்கு ஒரு நாள் பஸ்ல வந்துருங்க" என்றார். நான் வெயிலில் வெந்து ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது வாசலிலேயே காத்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு ஆனந்தம். "சத்தம் இல்லீங்க தம்பி. நீங்கதான்!" என் டிபன் கேரியருக்குள் கிடந்த ஸ்பூன்தான் சத்தம் போட்டிருக்கிறது.

இந்தப் பைத்தியமெல்லாம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்றால், துப்பாக்கி கிளப்பிலிருந்து. வெள்ளிக்கிழமை நாமெல்லாம் தூங்குவோம், பிரியாணி தின்போம், மறுபடி தூங்குவோம். இவர் பாலைவனத்துப் பக்கம் இருக்கும் கிளப்புக்குப் போய்விடுவார். கண்ணுக்கே சரியாகத் தெரியாத தூரத்தில் பலகையை நட்டு வைத்து, குப்புறப் படுத்துச் சுடுகிற விளையாட்டு. இதில் ஊறிப்போனவர்களுக்குக் கடைத் தோட்டா ஆகாது. ஆளுக்கு அளவெடுத்துச் சட்டை தைப்பதுபோல, அவரவர் துப்பாக்கிக்கு ஒத்துப்போகிற தோட்டாவை அவரவரே தயார் செய்ய வேண்டும். பழைய பித்தளைக் கூட்டை எடுத்து, பொசுக்கென்று பற்றவைக்கும் சின்ன மூடியை அடியில் பொருத்தி, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டைச் சொருக வேண்டும். மருந்து துளி கூடினாலும் போச்சு, குண்டு மயிரிழை ஆழமாக உட்கார்ந்தாலும் போச்சு. அவ்வளவு தூரத்துப் பலகையில் அது சாண் கணக்கில் ஏறி இறங்கும்.

மருந்தும் குண்டும் கிளப் அறையை விட்டு நகரக் கூடாது. காலிக் கூடுகளை மட்டும் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவரலாம். சார் அவற்றை டப்பா டப்பாவாகப் பிரித்து வைத்திருந்தார். எடை ஒத்தவை ஒரு டப்பா, ஒரே தடவை சுட்டவை ஒரு டப்பா, பல தடவை சுட்டவை தனி. கல்யாண ஜாதகத்தைக்கூட யாரும் அப்படிப் பொருத்தம் பார்த்ததில்லை.

வாரம் ஒன்றை மாற்றுவார், சுடுவார், ஓட்டைகளைப் பார்ப்பார். போட்டி வந்தால் மட்டும் பேர் கொடுக்க மாட்டார்.

"லோடு இன்னும் செட் ஆகலீங்க. ஒண்ணே ஒண்ணு பாக்கி." லோடு என்றால் கூடு, மருந்து, குண்டு மூன்றின் சேர்மானம்.

சுடுகிற மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறவர் ஒரு சூடான்காரர். ஆறடிக்கு மேல் உயரம். எல்லோரும் கேப்டன் என்பார்கள். அவரே ஒரு நாள் வெறுத்துப்போய், "பாய், யே காம்பெடிஷன் ஹை, பிஎச்டி நஹீ!" என்றார். இது போட்டி, பிஎச்டி ஆராய்ச்சி இல்லை என்று. சார் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

இப்படியே போயிருக்கும். ஆனால் கம்பெனி அவரைச் சவூதியில் இருக்கும் தம்மாமுக்கு மாற்றியது. அங்கே போய்விட்டால் கிளப் கிடையாது, துப்பாக்கியும் கிடையாது. சைட்டு, ரூம், டூட்டி அவ்வளவுதான். சீசனின் முதல் போட்டி சரஸ்வதி பூஜை முடிந்த மறு வாரம். அது முடிந்ததும் ஃப்ளைட். "இதையும் விட்டா எனக்கு எல்லாமே கலாஸ்ங்க தம்பி" என்றார் காரில். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

அதிசயமாக அதே மாதத்தில் லோடும் செட் ஆனது. சோதனைக்குச் சுட்ட தோட்டாக்கள் எல்லாம் ஒரு பிஸ்கட் அகலத்துக்குள் விழுந்தன. அந்தக் காகிதத்தைப் பிறந்த குழந்தையின் போட்டோபோல ஆபீஸ் பூராவும் காட்டிவிட்டு, போட்டிக்குப் பேர் கொடுத்தார்.

சரஸ்வதி பூஜை அன்று சுண்டல் சாப்பிட என்னை மேலே கூப்பிட்டிருந்தார்கள். சாரின் மனைவி சுகந்தி அக்கா கதவைத் திறந்தார். சார் பொரி வாங்கக் கடைக்குப் போயிருந்தார். உள்ளே போய்ப் பார்த்தால் பூஜை அலமாரி ஜொலித்தது. குத்துவிளக்கு, மகளின் லேப்டாப், கார்ச் சாவி, ஸ்க்ரூடிரைவர். நடுவில், தாமரைப்பூ வடிவத்தில் வரிசை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்த பித்தளைக் கூடுகள். எல்லா டப்பாக் கூடுகளும் ஒன்றாகக் கலந்திருந்தன.

ஒன்றை எடுத்துப் பார்க்கக் கையை நீட்டினேன். அதற்குள் சார் பொரிப் பையோடு வந்துவிட்டார். அலமாரியைப் பார்த்தார். பை கையிலேயே நின்றது.

"என்ன சுகந்தி இது?"

"வருசா வருசம் எல்லாத்துக்கும் பூஜ போடறோம், உங்க ஆயுதத்த மட்டும் விட்டுப்போடறோம்னு மனசு கேக்கலீங்க. எல்லாம் கருப்புப் புடிச்சுக் கெடந்துதுங்களா, புளி போட்டுத் தேச்சுட்டனுங்க. பளபளன்னு இருக்குது பாருங்க."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடாம! உள்ளாறகூட, பாட்டில் கழுவற பிரஷ விட்டு!"

நானாக இருந்தால் அந்தப் பொரியை ஃபேனில் கொட்டியிருப்பேன். சார் பையை மெதுவாகக் கீழே வைத்தார். விளக்கைக் கும்பிட்டார். உட்கார்ந்து ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிட்டார். "நல்லாருக்குது" என்றுகூடச் சொன்னார்.

என்னை வழியனுப்புகிற சாக்கில் லிஃப்ட் வரை வந்தவர், சுவரில் சாய்ந்துகொண்டார்.

"எல்லாமே மாறிருச்சுங்க தம்பி. எது எத்தன தடவ சுட்டதுன்னு இனி யாருக்குந் தெரியாது. கூட்டோட கழுத்துக்குள்ள ஒரு கரிப் பூச்சு இருக்குமுங்க. அது இருந்தாத்தான் குண்டு எல்லாம் ஒரே மாதிரி வழுக்கிட்டு வெளிய வரும். அதையும் கழுவீட்டா."

"அக்காகிட்ட சொல்லிருங்க சார். பேரை வாபஸ் வாங்கிரலாம்."

அவர் பதில் சொல்வதற்குள் சுகந்தி அக்கா பிரசாதப் பையோடு ஓடிவந்தார். "தம்பி, இத மறந்துட்டீங்க! ஏனுங்க, இந்தத் தடவ நானும் பாப்பாவும் போட்டி பாக்க வர்றோம். பூஜயெல்லாம் போட்டிருக்கறமல்ல!"

அக்கா உள்ளே போனதும் சார் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். "சொன்னா அவ மனசு என்னாகுங்க? இத்தன வருசத்துல மொத மொதலா என்ற விசயத்துல கை வெச்சிருக்கறா. அதும் ஆசையா." லிஃப்ட் வந்தது. அவர் பேரை வாபஸ் வாங்கப்போவதில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது.

கிளப் உதவியாளர் முன்னிலையில் ஒவ்வொரு கூட்டையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, சந்தேகமானவற்றைக் கழித்துவிட்டு, மீதியில் தோட்டா தயாரித்தார். சோதித்துப் பார்க்க நேரமில்லை. வாழ்க்கையிலேயே முதல்முறையாக அவர் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டுச் சுடப் போனார்.

போட்டியன்று சுகந்தி அக்கா பட்டுப்புடவையில் வந்தார். காதுக்கு மாட்டுகிற மஃப்பை மல்லிகைப்பூ நசுங்காமல் மாட்டுவதற்குள் முதல் சுற்றே தொடங்கிவிட்டது. கேப்டன் "யல்லா!" என்று குரல் கொடுக்க, சார் பாயில் குப்புறப் படுத்தார். குண்டு எங்கே படுகிறது என்பது பின்னால் இருக்கும் திரையில் புள்ளியாகத் தெரியும். முதல் குண்டு கீழே. அடுத்தது மேலே. அதற்கடுத்தது இரண்டுக்கும் சம்பந்தமில்லாத இடத்தில். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சுகந்தி அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. என் தோளைத் தட்டி, "தம்பி, பாருங்க! மத்தவிங்கெல்லாம் ஒரே எடத்துலயே போட்டுட்டு இருக்காங்க. இவரு போர்டு பூராவும் சுடறாரு!" என்றார்.

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் கையில் ஒரு லபான் மோர் பாட்டிலைத் திணித்தேன்.

முடிவில் சார் கடைசிக்கு முந்தின இடம். எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு எங்களிடம் வந்தார். அவர் பின்னாலேயே கேப்டனும் வந்தார். மனுஷனுக்குத் தாங்கவில்லை.

"கியா ஹுவா பாய்? டெஸ்ட் மே சப் ஏக் ஜகா. ஆஜ் இதர், உதர். கியா சேஞ்ச் கியா?"

காய்கறிக்கடையில் பேரம் பேசிப் பேசியே இந்தி கற்றவர் சுகந்தி அக்கா. அவர் முகத்தில் சிரிப்பு மெல்லக் குறைந்தது. "ஏனுங்க, சோதனையில எல்லாம் ஒரே எடத்துல பட்டுதாமா, இன்னைக்கு எதையோ மாத்தீட்டீங்களான்னு கேக்கறாரு. என்னத்த மாத்துனீங்க?"

சார் அக்காவைப் பார்த்தார். அப்புறம் மைதானத்தைப் பார்த்தார். காற்றின் திசை தெரிவதற்காகக் கம்பங்களில் கட்டியிருந்த சிவப்புக் கொடிகள் அத்தனையும் பொட்டு அசைவில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தன.

"ஹவா, கேப்டன்," என்றார். "பஹுத் ஹவா."

கேப்டன் கொடிகளைப் பார்த்தார். சுகந்தி அக்காவின் அசையாத முந்தானையைப் பார்த்தார்.

"ஆமா கேப்டன், பயங்கர ஹவா!" என்றேன் நான்.

"அதான பாத்தேன்," என்று மூச்சு விட்டார் அக்கா. "பாழாப்போன காத்து! இல்லீன்னா எங்க வீட்டுக்காரரு ஜெயிச்சிருப்பாருங்க."

கோளாறுக்குக் காரணம் சொல்வதில் ஒரு நாளும் பொய் பேசத் தெரியாத மனுஷன், மனைவிக்காகச் சொன்ன ஒரே பொய் அது. அன்று காற்று அடித்ததா என்று யாராவது கேட்டால், அவருக்காகப் புயலே அடித்தது என்று சத்தியம் செய்வேன்.