அரைப் பவுண்டு மண்புழு

வெண்டல் பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார். மண்புழுக்களில் பாதியைக் காணோம்.

"ஓடிருச்சா?" என்றாள் மனைவி ரோவெனா.

"புழு எங்க ஓடும்?"

"என் செருப்புக்குள்ள ஒண்ணு இருந்துச்சு. ஓடலைன்னா பறந்து வந்திருக்கும்."

வேலை பார்த்த மரம் அறுக்கும் ஆலையை மூடிவிட்டதிலிருந்து ஐம்பது வயது வெண்டல் மறுபடி மாணவர். ஊர்ச் சமுதாயக் கல்லூரியில், எதையும் வீணாக்காமல் மறுபடி பயன்படுத்தக் கற்றுத்தரும் நிலைத்தன்மைப் படிப்பு. பாஸ் செய்தால் நகராட்சி உரக்கிடங்கில் வேலை, இல்லையென்றால் மறுபடி சோபாதான்.

ஆசிரியை இங்க்ரிட் முதல் வகுப்பிலேயே ஆளுக்கு அரைப் பவுண்டு மண்புழுவைக் கொடுத்துவிட்டாள். "வீட்டுக் கழிவைப் போட்டு வளருங்க. கடைசி நாள் எடை போடுவேன். குறைஞ்சா ஃபெயில். நிறைய பேர் ஃபெயிலானா இந்தப் படிப்பையே மூடிருவாங்க, என் வேலையும் போயிரும்."

பசியில்தான் ஓடுகின்றன என்று வெண்டல் காபிச் சக்கையை அள்ளிக் கொட்டினார். பெட்டி புளித்து நாறியது. மிச்சப் புழுக்களும் சுவரேறப் பார்த்தன. புழுவுக்கு வெளிச்சம் ஆகாது என்று பாடத்தில் இருந்ததால், அவை மேலே ஏறாமலிருக்க மூடியைக் கழற்றி விளக்கைப் போட்டு வைத்தார். புழு ஏறவில்லை. நாய்தான் வந்து வயிறு நிறையத் தின்றுவிட்டுப் போனது.

தப்பியவை சொதசொதவென்று கிடந்தன. ஈரம் காயட்டுமே என்று ஹீட்டர் பக்கம் வைத்தார். காலையில் பார்த்தால் வற்றல்.

"பொரிச்சுத் தரவா?" என்றாள் ரோவெனா.

"கிண்டல் பண்ணாத. நாளைக்கு எடை போடுறாங்க."

"கூடப் படிக்கிறவங்களைக் கேக்க வேண்டியதுதானே?"

"அவங்க வீட்லயெல்லாம் ரெட்டிப்பாப் பெருகிருச்சாம். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேக்குறது?"

கொட்டுகிற மழையில் தூண்டில் புழு விற்கும் கடைக்குப் போனார். கடைக்காரர் கர்டிஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அரைப் பவுண்டா?"

வெண்டலுக்குத் திக்கென்றது. "ஆமா. மீன் பிடிக்கப் போறேன்."

"இந்த வெள்ளத்துலயா? நல்லது. பாத்துப் போங்க."

மறுநாள் வகுப்பில் ஒவ்வொரு பெட்டியாகத் தராசில் ஏறியது. எல்லாருடையதும் சரியாக அரைப் பவுண்டு. ரெட்டிப்பாகிவிட்டது என்று பீற்றிக்கொண்டவர்கள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒருத்தர் வீட்லகூடக் குறையலை. இதுக்குப் பேர்தான் நிலைத்தன்மை" என்றாள் இங்க்ரிட், மதிப்பெண் தாளில் கையெழுத்துப் போட்டபடி.

வெண்டலுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்துவிட்டார். "இங்க்ரிட், நான் ஒரு உண்மையைச் சொல்லிடறேன். என் புழு..."

"உக்காருங்க வெண்டல். நீங்க பாஸ்."

"இல்ல, கேளுங்க. அது என் புழுவே..."

"உக்காருங்கன்னு சொன்னேன்ல."

கதவு திறந்தது. நனைந்த கோட்டோடு கர்டிஸ், கையில் காலி வாளி.

"கையெழுத்தெல்லாம் போட்டாச்சா இங்க்ரிட்? நீ சொன்னபடியே வந்தவங்க எல்லாருக்கும் கேள்வி கேக்காம அரைப் பவுண்டு அளந்து குடுத்துட்டேன். இதுல கொட்டச் சொல்லு, அடுத்த வகுப்புக்கும் இதையேதானே குடுக்கணும்."