ஆளுக்கொரு முகவரி

ஒளிந்துகொள்கிறவர்களில் பல வகை உண்டு. ஓட்டுக் கேட்டு வருகிற கும்பலைக் கண்டதும் கொல்லைப்பக்கம் போகிறவர்கள் ஒரு வகை. கல்யாணப் பத்திரிகையோடு வருகிற ஒன்றுவிட்ட சித்தப்பாவைக் கண்டதும் குளியலறைக்குள் நுழைந்து தண்ணீரைத் திறந்துவிடுகிறவர்கள் இன்னொரு வகை. இவர்களை நமக்குத் தெரியும். சமயத்தில் நாமே அவர்கள்தான். ஆனால் நம் கள்ளக்குறிச்சிப் பக்கம் கொஞ்ச நாளாக ஒரு புது இனம் தலைகாட்டுகிறது. இவர்கள் உடம்பை ஒளிப்பதில்லை, ஊரை ஒளிப்பதில்லை, சாதியைக்கூட ஒளிப்பதில்லை. மின்னஞ்சல் முகவரியை மட்டும் ஒளிக்கிறார்கள். வசதிக்காக இவர்களை மாற்றுமுகவரியார் என்று அழைப்போம்.

எப்படி அடையாளம் காண்பது? சுலபம். பேருந்து நிலையத்துக்கு எதிரே புதிதாக ஒரு துணிக்கடை திறக்கிறார்கள். வாசலில் நோட்டோடு நிற்கிற பெண், "பேரு, நம்பரு, மெயில் ஐடி எழுதுங்க சார், குலுக்கல்ல ஃப்ரிட்ஜ்" என்கிறாள். நீங்களும் நானும் அடித்துப் பிடித்து எழுதுகிறோம். மாற்றுமுகவரியார் எழுதமாட்டார். ஒதுங்கிப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று, பச்சைப்பிள்ளையை வெயில் படாமல் தூக்குவதுபோல் கைப்பேசியை நெஞ்சோடு அணைத்து, நாலு தட்டுத் தட்டி, அந்தத் துணிக்கடைக்காகவே அந்த நிமிடத்தில் பிறந்த ஒரு முகவரியைக் கொண்டுவந்து எழுதுவார். எழுதிவிட்டு நம்மைப் பார்ப்பார். பாவம் நீங்களெல்லாம், என்பதுபோல் ஒரு பார்வை.

விஷயம் இதுதான். இணையத்தில் சில சேவைகள் இருக்கின்றன. நம்முடைய நிஜ முகவரிக்கு முன்னால் ஒரு பொம்மை முகவரியை நிறுத்தி வைக்கும். கேட்கிறவருக்குப் பொம்மையைக் கொடுத்தால் போதும். அங்கே வருகிற கடிதம் சத்தமில்லாமல் நம் நிஜப் பெட்டியில் வந்து விழும். தொல்லை மிஞ்சினால் அந்தப் பொம்மையை மட்டும் மூடிவிடலாம். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்று வேளைக்கு எழுதித் தந்த மாத்திரையை முப்பது வேளை விழுங்குகிறவரைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

அப்படிப்பட்டவன்தான் திருநாவலூர்க் கவியரசன். பி.எஸ்சி. கணினி அறிவியல், அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் கால் அவனுடையது. பட்டம் வாங்கிய அன்று அவன் அப்பா கொளஞ்சியப்பன், களத்துமேட்டு வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிப்போய், பேருந்து நிறுத்தத்தில் பன்னிரண்டுக்கு எட்டில் ஃப்ளெக்ஸ் வைத்தார். அதில் மகனின் கறுப்பு அங்கி, பிறந்த தேதி, மதிப்பெண் சதவீதம், தாய்மாமன்கள் ஒன்பது பேர், இரண்டு கைப்பேசி எண்கள். ஃப்ளெக்ஸ் ஏழு மாதம் நின்றது. கவியரசன் அதன் நிழலில் நின்றபடிதான் 'தனியுரிமை ஒரு அடிப்படை உரிமை' என்று கட்டுரைகள் படித்தான்.

அவனிடம் நூற்று நாற்பது பொம்மைகள் இருந்தன. உரக்கடைக்கு ஒன்று, பிரியாணிக் கடைக்கு ஒன்று, கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் யாருக்குக் கொடுத்தானோ அவர் பெயர் இருக்கும். நாளைக்குக் கண்டவன் அஞ்சல் போட்டால், முகவரியை விற்றவன் யார் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டுமல்லவா? மொபைல் கடை வைத்திருந்த சிநேகிதன் அஜித்துக்கும் தனியாக ஒன்று இருந்தது.

"இன்னாடா, எனக்கே பொய் ஐடி குடுத்துக்கீற?"

"பொய் இல்லடா. தனி. உனக்குன்னு தனியா."

"எங்க வூட்ல எனக்குன்னு தனியா ஒரு தலகாணி கெடையாது. நீயாவது வச்சியே, நல்லா இரு."

நல்ல அஞ்சல் வந்தால் இந்த இனத்துக்கு மகிழ்ச்சி கிடையாது. திருட்டு அஞ்சல் வந்தால்தான் முகம் மலரும். ஒருநாள் மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கொடுத்த முகவரிக்குக் கோவாச் சுற்றுலா விளம்பரம் வந்தது. கவியரசனுக்கு அன்றைக்குத்தான் தீபாவளி. சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினான். கடைக்காரர் கண்ணாயிரம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, மெயில்னா எந்தப் பக்கம் தொறக்கணும்னே எனக்குத் தெரியாது. எழுதின நோட்டு இதோ கீது. உனக்குச் சந்தேகம்னா நீயே எடுத்துக்கினு போ."

கொடுத்தேவிட்டார். முந்நூறு பேருடைய பெயர், எண், விலாசம், கண் பவர். தனியுரிமைக் காவலன் அதை ஜவுளிக்கடைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, என்ன செய்வதென்று தெரியாமல் பரணில் வைத்தான். அதே வாரம் ஜெராக்ஸ் கடையில் கோணலாக விழுந்த தன் ஆதார் நகலை, "நல்லா இல்லண்ணே, வேற போடுங்க" என்று அங்கேயே விட்டுவிட்டும் வந்தான். அந்தத் தாளில் மறுநாள் யாரோ போண்டா சாப்பிட்டிருப்பார்கள். உளுந்தூர்பேட்டை போகிற பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் "தம்பிக்கு எந்த ஊரு?" என்றதும், ஊர், தெரு, அக்காவின் பிரசவம், அப்பாவின் மூட்டுவலி, தான் விண்ணப்பித்த வேலைகள் அனைத்தையும் வரிசையாகச் சொல்லுவான். இறங்கும்போது அவர் மெயில் ஐடி கேட்டிருந்தால் மட்டும் சுதாரித்திருப்பான்.

வேலைக்கு வருவோம். பட்டம் வாங்கி மூன்று வருடம். திருப்பூரில் தாய்மாமன் பனியன் கம்பெனியில் சொல்லிவைத்து, "இந்த மாசத்துக்குள்ள வந்துட்டான்னா சரி, இல்லன்னா வேற ஆளு" என்று முடிவாகச் சொல்லிவிட்டார். கவியரசனுக்குப் பனியன் மேல் கோபம் இல்லை. படித்த படிப்புக்கு ஒரு மேசை, அதன்மேல் ஒரு கணினி, அதை அப்பா ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை. அதற்கு மிச்சமிருந்த ஒரே வாய்ப்பு கல்வராயன் மலையில் இருந்தது. கரியாலூரில் சாமையும் தேனும் கடுக்காயும் வாங்கி விற்கிற உழவர் நிறுவனம் ஒன்று கணினி உதவியாளர் கேட்டிருந்தது. விண்ணப்பித்தான். அதற்கும் ஒரு பொம்மை செய்தான். தொலைபேசி எண்ணுக்கு அப்பாவுடையதைக் கொடுத்தான்.

பத்து நாள் கழித்து அந்தப் பொம்மைக்கு ஒரு அஞ்சல் வந்தது. அனுப்பியது வெள்ளிமலையில் ஏதோ ஒரு ஜெராக்ஸ் கடை. பொருள் என்ற இடம் காலி. உள்ளே ஒரு வரிகூட இல்லை. 'ஸ்கேன் 0047' என்று ஓர் இணைப்பு மட்டும் தொங்கியது.

கவியரசன் நாற்காலியில் நிமிர்ந்தான். கரியாலூர்க்காரனுக்குக் கொடுத்த முகவரிக்கு வெள்ளிமலைக்காரன் எப்படி அஞ்சல் போடுகிறான்? ஆக, பத்தே நாளில் விற்றுவிட்டான். இணைப்பைத் திறக்க அவன் என்ன படிக்காதவனா? திறக்கவில்லை. கரியாலூர்ப் பொம்மையை மூடினான். தேநீர் குடித்தான். அஜித்தைக் கூப்பிட்டுப் பெருமையும் பட்டுக்கொண்டான்.

புதன்கிழமை மத்தியானம் நூறுநாள் வேலை முடிந்து வந்த அம்மா ராணியம்மாள், மண்வெட்டியைச் சாத்திக்கொண்டே கேட்டாள்.

"ஏண்டா, நாளைக்குப் பத்து மணிக்கு கரியாலூர்ல உனக்கு இன்டர்வியூவாமே?"

"யாரும்மா சொன்னது?"

"யாரு சொல்லல? ஒரிஜினல் சர்ட்டிபிகேட் வேற எடுத்துக்கினு போவணுமாம். எங்கூட வேல செய்ற சாலம்மா சொல்றா, போட்டோ ரெண்டுன்னு."

செய்தி வந்து அரைமணி நேரம் கழித்துக் கடிதம் வந்தது. மலையிலிருந்து இறங்கிய பேருந்தின் நடத்துநர் கள்ளக்குறிச்சியில் இன்னொரு நடத்துநரிடம் கொடுக்க, அவர் உளுந்தூர்பேட்டைத் தேநீர்க் கடையில் சேர்க்க, அங்கிருந்து பால்வண்டியில் ஏறி வந்த கடிதம். உறை ஒட்டப்படவில்லை. மடிப்பில் சட்னி. 'அசல் சான்றிதழ்' என்ற இடத்தில் யாரோ சிவப்பு மையால் அடிக்கோடு போட்டிருந்தார்கள். கீழே வேறொரு கையெழுத்தில், 'அஞ்சே நாப்பது வண்டியப் புடிச்சா கரெக்டா இருக்கும். சின்னசேலம் சுத்திப் போற வண்டில ஏறாத.'

நேர்முகத் தேர்வுக் கடிதம். வெள்ளிமலை ஜெராக்ஸ் கடையிலிருந்து மூன்று முறை மின்னஞ்சலில் அனுப்பியும் பதில் இல்லாததால் இப்படிக் கொடுத்தனுப்புவதாக முதல் வரியிலேயே இருந்தது. ஸ்கேன் 0047 எதுவென்று கவியரசனுக்கு அப்போதுதான் உறைத்தது.  அப்பாவிடம் ஓடினான்.

"யப்பா, எதனா போன் வந்துதா?"

"வந்துகினே இருந்துது. நீதான்டா சொன்ன, தெரியாத நம்பர எடுக்காதன்னு."

மறுநாள் காலை மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் அவன் ஒரு பதிலைத் தயார் செய்தான். அடுத்த வளைவில் அது வெளியே விழுந்துவிட்டது. கரியாலூர் அலுவலகத்தில் கடுக்காய் மூட்டை வாசம். மேசைக்குப் பின்னால் மேலாளர் செந்தமிழ்ச்செல்வி. பக்கத்தில் நிறுவனத்தின் இயக்குநர், மலைக்கார விவசாயி சின்னதுரை, தோளில் துண்டோடு.

"உங்க அப்பா நம்பருக்கு ஏழு தடவ அடிச்சோம் தம்பி."

"தெரியாத நம்பர எடுக்க வேணாம்னு நான்தாங்கம்மா சொல்லி வச்சிருந்தேன்."

"நீங்க சொல்றத அவரு கேக்கறாரு. நல்லா வளத்துக்கீறீங்க அப்பாவ." மேலாளர் விண்ணப்பத்தை எடுத்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, மின்னஞ்சல் என்ற இடத்தில் ஆங்கில எழுத்தில் இருந்ததைக் கூட்டிப் படித்தார். "இது இன்னா? 'கரியாலூர் சந்தேகம்'னு ஆரம்பிக்குது?"

சின்னதுரை துண்டை வாயில் வைத்துக்கொண்டார். "நாங்க இன்னா பண்ணோம் தம்பி, சந்தேகப்பட?"

இனி மறைக்க ஒன்றுமில்லை. கவியரசன் எல்லாவற்றையும் சொன்னான். யாருக்கு முகவரி கொடுத்தாலும் பெயருக்குப் பின்னால் ஒரு தரமும் போடுவானாம். மூன்று தரம்: நம்பலாம், பார்க்கலாம், சந்தேகம்.

"நம்பலாம்ல எத்தினி பேரு?"

கவியரசன் மனதுக்குள் எண்ணினான். எண்ணுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

"இதுவரைக்கும் யாரும் இல்லிங்கம்மா."

 வெளியே யாரோ மூட்டை இறக்குகிற சத்தம். திருப்பூர் வண்டியின் சன்னல் சீட்டு அவன் கண்முன்னால் வந்து போனது. சின்னதுரை துண்டை எடுத்துவிட்டு மேலாளரைப் பார்த்தார். மேலாளர் எழுந்து போய் இரும்பு அலமாரியைத் திறந்தார். மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரைக்கும் ஆதார் நகல்கள்.

"நானூத்திச் சொச்சம் உறுப்பினருங்க. போன வருசம் எவனோ போன் போட்டு, மானியம் வந்துக்கீது, நம்பர் சொல்லுங்கன்னான். எங்காளுங்க பதினோரு பேரு சொல்லிட்டாங்க. நம்ம லிஸ்ட் எவன் கைக்குப் போச்சுன்னு இன்னி வரைக்கும் தெரியல."

"லிஸ்ட யாருக்கெல்லாம் குடுத்தீங்கம்மா?"

"விதைக்காரனுக்கு, உரக்காரனுக்கு, பயிற்சி குடுக்க வந்தவங்களுக்கு. ஆறேழு பேரு இருக்கும்."

"எல்லாருக்கும் ஒரே லிஸ்டா?"

"வேற எத்தினி லிஸ்ட் இருக்கும்?"

கவியரசனுக்கு முதுகு நிமிர்ந்தது. அன்று காலையிலிருந்து முதல்முறையாக அவன் குரல் அவனுடையதாக வந்தது. "ஆளுக்கு ஒண்ணு குடுத்திருக்கணும்மா. ஒவ்வொரு லிஸ்ட்லயும் ஒலகத்துலயே இல்லாத ஒரு ஆளு பேரு, அந்த ஆளுக்கு ஒரு பொம்மை முகவரி சொருவி வச்சிருந்தா, எந்த முகவரிக்கு மொதல் கடுதாசி வருதோ, அந்த லிஸ்ட்காரன்தான் வித்தவன்."

சின்னதுரை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அதாவது, பன்னி எந்தப் பக்கம் நொழையுதுன்னு தெரிய, காட்டுல தானியத்துக்கு நடுவுல மணி கட்ற மாதிரி."

"அப்படித்தாங்கய்யா."

"இவ்ளோ சந்தேகப்பட ஒரு ஆளு நம்ம கிட்ட இல்லியேம்மா" என்றார் அவர் மேலாளரிடம்.

செந்தமிழ்ச்செல்வி நாற்காலிக்குத் திரும்பினார். தன் கணினியை அவன் பக்கம் திருப்பி, "எனக்கும் அது எப்படின்னு போட்டுக் காட்டுங்க" என்றார். சன்னலோரம் கொண்டுபோனால்தான் இணையம் வந்தது. கவியரசன் பொம்மைச் சேவையில் அவருக்கு ஒரு கணக்கைத் திறந்துகொடுத்தான். எப்படி உண்டாக்குவது, எப்படி மூடுவது, பொம்மையிலிருந்தே எப்படி அனுப்புவது என்று ஒன்றுவிடாமல் சொன்னான். அவர் ஒரு தாளில் குறித்துக்கொண்டார். கெட்டிக்காரப் பெண்மணி, இரண்டாவது முறை கேட்கவில்லை. மூடிய பொம்மையையும் அவன் அங்கேயே திறந்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பொம்மை வழியாக ஆணை வந்தது. கணினி உதவியாளர், முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம், திங்கட்கிழமை சேர வேண்டும். கவியரசன் அதை மூன்று முறை படித்தான். அப்பாவுக்குச் சத்தமாக ஒருமுறை படித்துக்காட்டினான். கொளஞ்சியப்பன் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "மேச உண்டாடா?" உண்டு என்றதும் சட்டையை மாட்டிக்கொண்டு ஃப்ளெக்ஸ் கடைக்குக் கிளம்பினார்.

அவர் போன பிறகுதான் அனுப்புநர் முகவரியை மகன் கவனித்தான். மேலாளரின் வழக்கமான முகவரி இல்லை அது. அவனுக்கென்றே புதிதாகச் செய்தது. 'கவியரசன் பார்க்கலாம்' என்று ஆரம்பித்தது.

கோபம் வரும் என்று எதிர்பார்த்தான், வரவில்லை. நூற்று நாற்பது பேரைத் தராசில் நிறுத்தியவன், தான் ஏறி நின்றால் முள் எங்கே நிற்கும் என்று இதுவரை யோசித்ததில்லை. சந்தேகம் என்று போட எல்லாக் காரணமும் இருந்தும் அந்த அம்மா ஒரு படி கூட்டித்தான் போட்டிருக்கிறார். ஆறு மாதம் இருக்கிறது. திருப்பூர் மாமாவுக்குத் தகவல் சொன்னான்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கிறீர்கள். நமக்கெதுக்கு இந்தப் பொம்மையெல்லாம், நாம் யாரையும் தரம் பிரிப்பதில்லை என்கிறீர்கள். சரி. உங்கள் கைப்பேசியைக் கொஞ்சம் திறங்கள். 'எலக்ட்ரீஷியன் வரமாட்டான்', 'எடுக்காதே 2', 'மாமா அறுவை', 'ஹவுஸ் ஓனர் ஜாக்கிரதை' என்றெல்லாம் பதிந்து வைத்திருப்பது யார்? போகட்டும், அது உங்கள் சொந்த விஷயம். ஆனால் உங்கள் எண்ணும் நாலு பேர் கைப்பேசியில் இருக்கிறது, ஏதோ ஒரு பெயரில். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நெருங்கிய நண்பரின் எண்ணுக்கு இப்போதே ஒரு அழைப்புக் கொடுத்து, அவருடைய திரையை எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். அப்புறம் சேர்ந்து சிரிக்கலாம்.