மூன்று பென்டிரைவும் ஒரு கிடாவும்

கம்ப்யூட்டரை மாற்றினாலும் கணக்கில் ஒரு பைசா விடமாட்டான் இந்தப் பாண்டிராஜ். இப்படித்தான் கே.கே. நகர் முழுக்கக் கேட்கும்படி என் மனைவி அன்னக்கொடியிடம் சபதம் செய்தேன்.

எங்கள் வீட்டு வரவுசெலவு, விசேஷங்களுக்கு வந்த மொய், செய்முறை எல்லாம் பழைய கம்ப்யூட்டரில்தான் இருந்தது. புது லேப்டாப் வாங்கும்போது பழசைக் கடையில் கொடுத்தால் விலை குறைப்பார்களாம். அதற்கு முன்னால் பேக்கப் எடுக்க வேண்டுமே! திரையில் ‘வீட்டுக் கணக்கு’ என்று ஒரு சின்னப் படம் இருக்கும். அதை அப்படியே பென்டிரைவில் போட்டேன். ஒன்றல்ல, மூன்று. பீரோவில் ஒன்று, பேங்க் லாக்கரில் ஒன்று, செல்லூரில் தம்பி வீட்டில் ஒன்று. பழைய கம்ப்யூட்டரிலேயே செருகிச் சோதித்தும் பார்த்தேன். ஜம்மென்று திறந்தது.

“அதுக்குள்ள காப்பி ஆயிருச்சா?” என்றாள் அன்னம்.

“கை வேகம்!” என்றேன்.

அவள் பென்டிரைவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

பழசு கடைக்குப் போனது. கடைக்காரர் என் கண்ணெதிரே அதில் இருந்ததையெல்லாம் துடைத்து அழித்தார். புது லேப்டாப் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அடுப்படியிலிருந்து குரலும் வந்தது.

“ஏங்க! ஒத்தக்கடையில நல்லகாமன் அண்ணே மக கல்யாணம். நம்ம பாப்பா காதுகுத்துக்கு அண்ணே எம்புட்டுச் செஞ்சாருன்னு பாத்துச் சொல்லுங்க. குறைஞ்சா மானம் போயிரும்.”

“இதோ!”

பீரோ பென்டிரைவைச் செருகினேன். அதே படம். தட்டினேன். திறக்கவில்லை. இன்னும் பலமாகத் தட்டினேன். கதவா அது, பலமாகத் தட்டினால் திறக்க?

கம்ப்யூட்டர் தெரிந்த மாடி வீட்டு அசீமை ரகசியமாக வரவழைத்தேன். பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

“அண்ணே, இது கணக்கு இல்ல. கணக்கு இருக்குற இடத்துக்கு வழி காட்டுற படம். மாட்டுத்தாவணி போர்டைக் கழட்டிட்டு வந்து, பஸ் ஸ்டாண்டையே கொண்டாந்துட்டேன்னு நினைச்சிட்டீங்க.”

“லாக்கர்ல இருக்குறது?”

“அதுவும் போர்டுதான்ணே.”

பேக்கப் எடுத்தவன் பேக்கு ஆனேன். காதுகுத்து, கல்யாணம், வீட்டுப் பால்காய்ச்சு... சொந்தபந்தம் மொத்தமும் காற்றில் போய்விட்டது. இனி எந்த மண்டப வாசலிலும் நான் நிமிர்ந்து நடக்க முடியாது.

“என்னங்க, கெடைச்சிருச்சா?”

பொய்தான் வழி. கம்பீரமாகத் தொண்டையைச் செருமினேன்.

“ஐயாயிரத்தி ஒண்ணு!”

“நல்லாப் பாத்தீங்களா?”

“எழுத்துல இருக்கு. கையெழுத்துக்கூட எனக்குத் தெரியுது!”

“கம்ப்யூட்டர்லயா கையெழுத்து?”

அன்னம் ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்து நின்றாள். “அண்ணே பணமே வைக்கலைங்க. கிடா பிடிச்சிட்டு வந்தாரு. மண்டப வாசல்ல அது முட்டிக் கீழ விழுந்தது யாரு?”

நான்தான். இடுப்பு இப்போதும் சாட்சி சொல்கிறது.

அதற்கு மேல் நடிக்கத் தெம்பில்லை. “அன்னம், கணக்கு எல்லாம் போயிருச்சு. நான் எடுத்த மூணும் வெறும் படம்” என்றேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். இரண்டு தட்டு. திரை நிறையக் கணக்கு! ‘நல்லகாமன், கிடா ஒன்று’ என்று பளிச்சென்று நின்றது. அசீம் மெல்ல மாடியேறிவிட்டார்.

“எப்பிடி அன்னம்?”

“நம்ம போட்டோவைக் காப்பி பண்ணவே எம்புட்டு நேரம் ஆச்சு. உங்களது கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சுச்சு. அப்பவே சந்தேகம். பழசைக் கொடுக்குறதுக்கு முன்னாடி வேற பென்டிரைவ்ல முழுசா எடுத்து வச்சு, புதுசு வந்ததும் இதுல ஏத்திட்டேன்.”

“சொல்லியிருக்கலாம்ல?”

“மூணு பென்டிரைவையும் வச்சிக்கிட்டு அம்புட்டுச் சந்தோசமா இருந்தீங்க. கெடுக்க மனசு வரல. நீங்களாக் கண்டுபிடிக்கட்டும்னுதான் இன்னைக்குக் கேட்டேன்.”

கண் கலங்கிவிட்டது எனக்கு. “சரி, என் லேப்டாப்ல எங்க வச்ச? நான் பாக்கவே இல்லையே?”

“‘சமையல்’னு ஒரு போல்டர் போட்டு உள்ள வச்சேன். அந்தப் பக்கம் நீங்க என்னைக்கு எட்டிப் பாத்திருக்கீங்க?”