சம்பந்திக்கு ஒரு மச்சு

"அடுத்த சனிக்கிழமை சம்பந்தி வர்றாங்களாம்," என்று சொல்லிக்கொண்டே போனை வைத்தாள் உம்சுனை.

ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டிருந்த மார்லெனின் கை நின்றது.

"எத்தனை நாளைக்கு?"

"கேட்டேன். 'பார்க்கலாம்'னு மட்டும் சொன்னாங்க."

மார்லெனுக்கு ஜாம் கசந்தது. மகள் எல்னூராவுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம் ஆகிறது. மறுவாரமே பெண்ணும் மாப்பிள்ளையும் வேலைக்காக ரஷ்யாவிலிருக்கிற கசானுக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு சம்பந்தி வீட்டார் இவர்கள் ஊரான கரக்கோல் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. சம்பந்தி ஒரொஸ்பெக் தலைநகர் பிஷ்கெக்கில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாண விருந்தில் கறியை ஒரு வாய் மென்றுவிட்டு "ம்" என்று சொன்னவர். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று புருஷனும் பெண்டாட்டியும் ஆறு மாதமாக விவாதித்து வருகிறார்கள்.

வீட்டில் இருப்பதோ இரண்டே அறைகள். ஒன்று இவர்கள் படுப்பது. மற்றது விருந்துக்கு விரிப்பு விரிக்கிற முன்னறை.

"நம்ம ரூமை அவங்களுக்குக் குடுத்துட்டு, நாம சமையல்கட்டுல படுத்துக்கலாம்," என்றாள் உம்சுனை.

"சமையல்கட்டுல படுத்தோம்னு பிஷ்கெக் பூராவும் பேச்சாயிடும்."

மார்லென் அண்ணாந்து பார்த்தார். நூறு வருஷத்துக்கு முந்தி யாரோ ஒரு வியாபாரி கட்டிய மரவீடு அது. செங்குத்தான தகரக் கூரைக்கு அடியில் ஒரு மச்சு. அங்கே வெங்காயமும், உலர்த்திய ஆப்பிளும், நாலைந்து புறாக்களும் குடியிருந்தன.

"வேண்டாங்க," என்றாள் உம்சுனை உடனே. "அந்தப் பார்வை எனக்குத் தெரியும். வேணும்னா ஆள் கூப்பிடுங்க."

"ஆளா? வாய்க்குள்ள அரை மில்லிமீட்டர் இடத்துல வேலை பார்க்கிறவன் நான். அந்த மச்சு எவ்வளவு பெருசு!"

மார்லென் பல் செட் செய்பவர். கரக்கோலில் பாதிப் பேர் அவர் தயவில்தான் கறி மென்றார்கள். வெள்ளிக்கிழமையே லீவு போட்டுவிட்டு ஏணியைச் சாய்த்தார்.

மச்சுத் தரையில் குளிருக்காகப் போட்டிருந்த மண்ணும் மரத்தூளும் ஒரு சாண் உயரத்துக்குக் கிடந்தன. மண்வெட்டியால் அள்ளிப் புறாப் பொந்து வழியாக வெளியே தள்ளினார். சாயங்காலம் வந்து பார்த்தால், விருந்துக்கென்று வாங்கிக் கீழே கட்டியிருந்த வெள்ளைச் செம்மறி செங்கல் நிறத்தில் நின்று தும்மிக்கொண்டிருந்தது.

"இது நம்ம ஆடுதானா?" என்றாள் உம்சுனை.

"ஆடுதான். நிறம்தான் கொஞ்சம் மாறியிருக்கு."

அடுத்த தொல்லை, நெஞ்சு உயரத்தில் குறுக்கே ஓடிய கட்டை. போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை முட்டிக்கொண்டார். சம்பந்தி முட்டிக்கொண்டால் என்ன ஆகும்? ரம்பத்தை எடுத்தார்.

"அதை அறுக்கலாமா?" என்று ஏணி உச்சியிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டார் பக்கத்து வீட்டு மெலிஸ். லாரி ஓட்டி ஓய்ந்தவர். கேட்காமலே யோசனை சொல்வார், கேட்டால் சாமானும் தருவார்.

"முப்பத்திரண்டுல ஒண்ணை எடுத்தா வாய் விழுந்துடுமா?"

"விழாது," என்றார் மெலிஸ், ஏணியிலிருந்து அவசரமாக இறங்கிக்கொண்டே.

கட்டை அறுந்தபோது வீடு ஒரு பெருமூச்சு விட்டது. காலையில் பார்த்தால் முன்னறை சீலிங் ஏழு மாசத்து வயிறுபோல் இறங்கியிருந்தது.

"ஏங்க, இது பிரசவிச்சிடும்போல இருக்கு," என்றாள் உம்சுனை.

மார்லென் ஓடிப் போய் மெலிஸிடமிருந்து ஒரு மரத்தூண் வாங்கி வந்து முன்னறைக்கு நட்டநடுவில் முட்டுக் கொடுத்தார். வயிறு நின்றது. விருந்து விரிப்பு விரிக்கிற இடம்தான் இல்லாமல் போயிற்று.

"தூணைச் சுத்தி உட்கார்ந்து சாப்பிடறதா? கேட்டா என்ன சொல்றது?"

"அழகுக்குன்னு சொல்லு. பூப்போட்ட கம்பளத்தைச் சுத்தி விடு."

கம்பளம் சுற்றினாள். தூண் இப்போது குளிரில் நின்ற கிழவர்போல் இருந்தது.

அப்புறம் படி. சம்பந்தியம்மாள் ஜூராவை வாசல் ஏணியில் ஏற்ற முடியுமா? சமையல்கட்டுச் சீலிங்கில் ஓட்டை போட்டார் மார்லென். மிச்சமிருந்த மண் மொத்தமும் அடுப்பிலிருந்த சூப்பில் இறங்கியது. இரண்டு நாள் தட்டிக் கொட்டிச் செய்த படி, சரியாக ஃபிரிட்ஜ் நிற்கிற இடத்தில் வந்து முடிந்தது. ஃபிரிட்ஜை வாசல் நடைக்குத் தள்ளினார்கள். அதற்குப் பிறகு வாசல் கதவு ஒரு கை அகலத்துக்குமேல் திறக்க மறுத்தது.

"சின்ன விஷயம்," என்றார் மார்லென். "ஜன்னல் இருக்கே."

அன்றிலிருந்து உம்சுனை பால் வாங்க ஜன்னல் வழியாக இறங்கினாள். முதல் நாள் தெருவில் போன மெலிஸ் குல்லாயைக் கழற்றி, "எங்கேம்மா ஓடிப்போறே?" என்றார்.

"இவரை விட்டுட்டு எங்கேயாவது!"

மச்சில் வெளிச்சம் வேண்டும். புறாப் பொந்தைப் பெரிதாக்கப் போய், அது ஆள் படுக்கிற அகலத்துக்குப் பெரிதாகிவிட்டது. அவ்வளவு பெரிய கண்ணாடி கடையில் இல்லை. மெலிஸ்தான் தன் பழைய லாரியின் முன்கண்ணாடியைக் கொண்டுவந்து பொருத்தினார்.

"வைப்பரோட இருக்கு பாரு. மழை வந்தா உள்ளேயிருந்தே தொடைச்சுக்கலாம்."

புதன்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது உம்சுனை ரொட்டியைத் தொடவில்லை. அதுதான் மார்லெனைப் பயமுறுத்தியது.

"பொண்ணு அந்த வீட்டுல வாழணுங்க," என்றாள். "நாளைக்கு ஒரு பேச்சு வந்தா, 'உங்கப்பா வீட்டுல ஜன்னல் வழியாத்தான் ஏறினோம்'னு அவளைத்தானே சொல்லுவாங்க?"

மார்லென் தட்டைத் தள்ளி வைத்தார். "நாளைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் எல்லாத்தையும் சரி பண்ணிடறேன்," என்றார்.

வியாழக்கிழமை மத்தியானம் வாசலில் ஹார்ன் சத்தம் கேட்டது. சம்பந்தி இரண்டு நாள் முன்னாலேயே வந்து நின்றார். காரின் தலையில் கட்டு மூட்டைகள். பின்னாலேயே ஒரு வேன்.

"வாங்க, வாங்க! இந்தப் பக்கம் வாங்க," என்று ஜன்னலடியில் முக்காலியைப் போட்டார் மார்லென். "வாசக்கதவுக்குப் புதுசா பெயின்ட் அடிச்சிருக்கு."

ஜூரா கதவைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ஞ்சிருக்கே?"

"உள்பக்கம் ஈரம்."

ஒரொஸ்பெக் "ம்" என்றார். பிறகு கோட்டு நுனியைத் தூக்கிக்கொண்டு, பெரிய உத்தியோகம் பார்த்த காலை ஜன்னலில் வைத்தார்.

சாயங்காலத்துக்குள் ஆட்டை அறுத்து விருந்து விரிப்பு போட்டாயிற்று. கதவுக்கு எட்டத்தில், மரியாதை இடத்தில் சம்பந்தியை உட்காரவைத்தால், அவருக்கும் மார்லெனுக்கும் நடுவில் தூண். மார்லென் இடதுபக்கம் எட்டிப் பார்த்து நலம் விசாரித்தால், சம்பந்தி வலதுபக்கம் எட்டிப் பார்த்துப் பதில் சொன்னார். பெரிய விருந்தாளிக்கென்று வைக்கிற ஆட்டுத்தலையைத் தூணைச் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார் மார்லென். சம்பந்தி தலையைப் பார்க்கவில்லை. சீலிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேலே ஏதோ வேலை நடந்திருக்கு போல?"

"ஒரு சின்ன ரூம்... உங்களுக்காக."

"பார்க்கலாமா?"

இருவரும் படியேறினார்கள். மூன்றாவது படி 'கிறீச்' என்றது. ஐந்தாவது படி எதுவும் சொல்லாமலே ஆடியது.

ஒரொஸ்பெக் மெத்தையைப் பார்க்கவில்லை. லாரிக் கண்ணாடி வழியாகத் தெரிந்த பனிமலையையும் பார்க்கவில்லை. நேராக அறுத்த கட்டையிடம் போய், முழங்காலிட்டு, வெட்டிய முனையை விரலால் தடவினார்.

"இதை அறுத்தது நீங்களா?"

"ஆமா சம்பந்தி."

"தனியாவா?"

"தனியாத்தான்."

"அறுத்த மறுநாள் என்ன ஆச்சு?"

இதற்குமேல் மறைப்பதில் பயனில்லை என்று மார்லெனுக்குத் தோன்றியது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மண், ஆடு, சூப்பு, ஃபிரிட்ஜ், பெயின்ட் அடிக்காத கதவு, எதையும் விடவில்லை.

"சீலிங் இறங்கிச்சு. கீழே தூண் குடுத்து நிறுத்தினேன். தப்பு என்மேலதான் சம்பந்தி. நீங்க நிம்மதியாத் தங்கணும்னு ஆசைப்பட்டுச் செஞ்சேன். என் பொண்ணை இதுக்காக எதுவும் சொல்லிடாதீங்க."

ஒரொஸ்பெக் மெத்தையில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"தூண்," என்றார். அந்த வார்த்தையை வாழ்க்கையிலேயே முதல்முறை கேட்டவர்போல் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு எழுந்து, மார்லெனின் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கினார்.

முடிந்தது கதை என்று நினைத்தார் மார்லென். இப்போதே காரை எடுக்கச் சொல்வார். பின்னாலேயே தட்டுத்தடுமாறி இறங்கினார்.

கீழே உம்சுனை ஜன்னல் வழியாக மூட்டைகளை வாங்கி வாங்கி அடுக்கி, திகைத்துப்போய் நின்றாள். அவற்றில் குளிர்காலக் கோட்டுகள் இருந்தன. தையல் மிஷினும் கறி அரைக்கிற மிஷினும் இருந்தன. சுவரிலிருந்து கழற்றிய கடிகாரம் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"சம்பந்தியம்மா, தப்பா நினைக்காதீங்க," என்றாள் மெதுவாக. "எத்தனை நாள் இருக்கறதா உத்தேசம்?"

ஜூரா தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். "நீங்களே சொல்லுங்க."

ஒரொஸ்பெக் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"உங்களைக் கூப்பிட்டு நல்லபடியாத் தங்கவைக்கணும்னு எங்க வீட்டு மச்சுல இவரும் தனியாத்தான் ஏறி ஒரு கட்டையை அறுத்தாரு, சம்பந்தியம்மா," என்றாள் ஜூரா. "இப்ப எங்களுக்கு மச்சும் இல்ல, வீடும் இல்ல."