தாடி முளைக்கும் மச்சான்

வேப்பம்பட்டு,
வியாழக்கிழமை.

கனம் பொருந்திய மைத்துனர் ஜெயராஜ் அவர்களுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நாங்கள் சுகம். நீங்களும் சுகம் என்று உங்கள் தங்கை ஹெலன் சொன்னாள். நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். எங்கள் புதுமனை ஜெபத்தன்று, பாஸ்டர் கையில் கேசரித் தட்டு இருக்கும்போதே, “நாங்க வள்ளூர் பவர் பிளான்ட்ல ஊருக்கே கரண்டு குடுக்குறோம். எங்க மாப்ள பக்கெட்டுக்குக் கைப்பிடி குடுக்குறாரு” என்று நீங்கள் சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். அதன்பிறகு நாம் பேசவில்லை. அதை நான் மறந்துவிட்டேன் என்பதைத் தெரிவிக்கவே இதைக் குறிப்பிடுகிறேன்.

இப்போது விஷயம். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் இத்தனை வருடமும் அடுத்தவன் கேட்ட பக்கெட்டுக்கும் மூடிக்கும் அச்சு வடிவமைத்த நான், முதல்முறையாக எனக்குப் பிடித்த ஒரு பொருளைச் செய்திருக்கிறேன். எழுதும்போதே சந்தோஷத்தில் கை ஓடுகிறது. அது ஒரு வழுக்கைத் தலை. சமையலறை ஜன்னலில் வைக்கலாம். உச்சந்தலையில் துளைகள்; அவற்றில் மணி பிளான்ட், புதினா, கற்பூரவல்லி எதை வேண்டுமானாலும் ஒடித்துச் செருகினால் முடி மாதிரி நிற்கும். உள்ளே தண்ணீர். தாடை மட்டும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். வேர் விட விட, வெள்ளைத் தாடி வளர்வது வெளியே தெரியும். தாடி கழுத்தைத் தொட்டதும் செடியை எடுத்துத் தொட்டியில் நடலாம், தலை மறுபடி வழுக்கையாகிவிடும். பெயர் ‘மச்சான்’. முகம் உங்களுடையது. கோபப்படாமல் மேலே படியுங்கள்.

எளிதில் வரவில்லை. முதல் சாம்பிளில் துளையின் சாய்வு தவறி, வேர் மூக்கு வழியாக இறங்கியது. பக்கத்து வீட்டு நந்தினி தன் குழந்தையை எங்கள் வீட்டுப் பக்கம் விடுவதை நிறுத்தினாள். அடுத்ததில் பாசி பிடித்துத் தாடி பச்சையானது. அதைச் சரிசெய்து, முன்வாசல் ஜன்னலில் பெருமையாக வைத்திருந்த நேரத்தில், கொசுப்புழு பார்க்க வீடு வீடாக வரும் ஆரோக்கியமேரி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “இன்னா சார் இது, யாரு மண்டை?” என்றாள். என் மச்சான் மண்டை என்றேன். “உள்ள பூரா புழு நெளிஞ்சிக்கினு கீது சார். கொட்டுங்க மொதல்ல” என்று தெருவுக்கே கேட்கிறமாதிரி சொன்னாள். உங்களைப் பற்றி நான் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு திருப்தியாக இருந்திருக்காது என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். பிறகு துளைகளுக்குள் வலை வைத்தேன். புழு ஒழிந்தது, மச்சான் மட்டும் இருக்கிறார்.

போன வாரம் சென்னையில் பரிசுப்பொருள் கடைகள் நடத்தும் பூமிகா என்ற அம்மாளிடம் காட்டினேன். தாடியைப் பார்த்து அவர் கைதட்டினார். எனக்குக் கைதட்டல் பழக்கமில்லாததால் திரும்பி யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். அதன்பிறகுதான் சொன்னார்: “தாடி சூப்பர் சார். ஆனா இவரு ஏன் மொறைக்கிறாரு? காலைல காபி போட வந்தா பயமா இருக்கும். சிரிக்க வைங்க, எல்லாக் கடைக்கும் எடுத்துக்கறேன். இல்லன்னா வேணாம்.”

கம்பெனி வாசலில் தனியாகப் பட்டறை வைத்திருக்கும் அப்பாவு திங்கட்கிழமை எஃகில் அச்சு வெட்டப்போகிறார். வெட்டியபின் முகத்தை மாற்ற முடியாது. எனக்கோ உங்கள் சிரிப்பு தேவை. எங்கள் கல்யாண ஆல்பம் முழுக்கப் பார்த்துவிட்டேன். எல்லாப் படத்திலும் உங்களுக்குப் பிரியாணி வராத முகம்தான். கடையில் கிடைக்கும் பொம்மைச் சிரிப்பை ஒட்டிப் பார்த்தேன், பல்செட் விளம்பரம் போல ஆகிவிட்டது. இந்த ஒரு பொருளும் போய்விட்டால் நான் ஓய்வு பெறும்வரை கைப்பிடிதான்.

ஆகவே, இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேரே இங்கே வாருங்கள். அப்பாவு கேமராவோடு வருவார். நீங்கள் பேச வேண்டாம், மன்னிப்புக் கேட்க வேண்டாம் (கேட்டால் தடுக்கமாட்டேன்). ஒருமுறை சிரித்தால் போதும்.

உங்கள் வீட்டார் அனைவரும் சுகமாயிருக்க எங்கள் வீட்டார் ஜெபிக்கிறோம். அதில் என்னையும் சேர்த்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்,
எபினேசர்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் ஹெலன் இதைப் படித்தாள். சாம்பிளை எடுத்து என் முகத்தருகே பிடித்து, “இது எங்க அண்ணன் இல்லீங்க. அவருக்கு மூக்கு சப்பை. இது நீங்க. அளவு எங்க எடுத்தீங்க?” என்றாள். பேச்சுவார்த்தையே இல்லாதவரிடம் எப்படி அளவெடுப்பது? உங்களை நினைத்துக்கொண்டு ஷேவிங் கண்ணாடி முன் முறைப்பேன், புருவச் சுருக்கத்தைப் பட்டறை வெர்னியர் அளவுகோலால் அளப்பேன் என்றேன். அவள் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள், இன்னும் எழவில்லை. ஆகவே சிரிக்க வேண்டியது நான். முயன்று ஒரு படம் எடுத்து அனுப்பினேன், “பல்லு வலியா சார்?” என்று அப்பாவு கேட்டிருக்கிறார். தனியாக எனக்கு வராது. நீங்கள் கட்டாயம் வாருங்கள் மச்சான். வந்து இந்தத் தலைக்குப் பக்கத்தில் உட்காருங்கள். இத்தனை மாதம் யாரை முறைத்தேன் என்று இரண்டு முகத்தையும் சேர்த்துப் பார்த்தால், எனக்கே சிரிப்பு வந்துவிடும் என்று நினைக்கிறேன்.