பீரோ மேல பொரிஞ்ச சீஸ் உருண்டை

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலைங்க. அறுப்பு மெஷின்காரருக்கு ஒரு டீ, ஒரு தட்டு பலகாரம். அவ்வளவுதான்.

ஒரத்தநாட்டுக்குப் பக்கத்துல நமக்கு அஞ்சு மா வயல், ஒண்ணரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல. சம்பா முத்தி, கதிரெல்லாம் தலையைத் தொங்கப் போட்டு நிக்குது. மேல மானம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கு. ஒரு மழை விழுந்துச்சுன்னா நெல்லு நின்ன இடத்துலயே முளைச்சிரும்.

ஊருக்கு வந்திருக்கறது ஒரே மெஷின். ஓனர் ராஜமாணிக்கம் அண்ணன், பூதலூர்க்காரர். அவரு யாரு வயல்ல மொதல்ல இறங்கச் சொல்றாரோ அவன் பொழைச்சான்.

அதனால அவரு தெருவுல வந்தா மாப்பிள்ளை அழைப்புதான். ஒரு வீட்டுல வடை, அடுத்த வீட்டுல பஜ்ஜி. அண்ணன் எதையும் தொடல.

"டாக்டரு எண்ணெய்ப் பக்கமே போகக்கூடாதுன்னுட்டாரு தம்பி"ன்னு என்கிட்ட பாவமா சொன்னாரு.

அப்பதான் என் மூளை வேலை செஞ்சுது. பொதுவா அது செய்யறதில்ல. அன்னைக்கும் சும்மா இருந்திருக்கலாம்.

என் பொண்டாட்டி கவிதாவோட தம்பி துபாய்ல இருந்து கொண்டாந்த ஏர் ஃப்ரையர் ஒண்ணு, பிரிக்காமலே கிடந்துச்சு. எண்ணெயே இல்லாம பொரிக்குமாம்! உடனே தஞ்சாவூருக்கு பஸ் ஏறி, ஒரு பெரிய கடையில சீஸ் பால்ஸ் ஒரு பாக்கெட் வாங்கினேன். கல்லு மாதிரி இருந்துச்சு.

"சீக்கிரம் ஃப்ரீசர்ல வச்சிருங்க சார். வீடு பக்கமா?"ன்னு அந்தக் கடைப்பொண்ணு கேட்டுச்சு.

"பக்கம்தாம்மா"ன்னேன். வீடு பக்கம்தான். பஸ்ஸுக்கு அது தெரியல.

வழி நெடுக ரோட்டுல பாதிய நெல்லு காயப்போட்டு மறிச்சிருந்தாங்க. பஸ்ஸு ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தப்ப பாக்கெட் என் மடியில பஞ்சு மாதிரி உக்காந்திருந்துச்சு. தூக்கி ஃப்ரீசர்ல போட்டேன். மறுநாள் எடுத்துப் பார்த்தா உருண்டையெல்லாம் ஒட்டிக்கிட்டு ஒரே கருங்கல்லு!

சப்பாத்திக் கட்டையால ரெண்டு போடு போட்டேன். பிரிஞ்சுது. அங்கங்க கீறலும் விட்டுச்சு. கீறல்தானே, யாரு பாக்கப் போறான்னு விட்டுட்டேன்.

நான் கூப்பிட்டிருந்தபடி அண்ணனும் வந்துட்டாரு. வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. ஹால்ல உக்கார வச்சேன்.

"அண்ணே, எண்ணெயே இல்லாத பலகாரம். பத்து நிமிஷம்!"

"அப்படியா? பார்ப்போமே"ன்னு காலை நீட்டி உக்காந்தாரு.

சமையக்கட்டுல ப்ளக்க சொருகினேன். டப்! சமையக்கட்டு ஃபியூஸ் மட்டும் போச்சு.

கவிதா இடுப்புல கையை வச்சுக்கிட்டு சொன்னா: "அது கரண்ட்ட குடம் குடமா குடிக்கும்ங்க. ஏசி பாயிண்ட்ல போட்டாத்தான் தாங்கும்."

ஏசி பாயிண்ட் எங்க இருக்கு? பெட்ரூம்ல, சீலிங்குக்கு ஒரு சாண் கீழ. ஏர் ஃப்ரையர் வயரு எவ்வளவு நீளம்? முழங்கை அளவு. அந்த பாயிண்டுக்குக் கீழ இருந்தது எங்க பீரோ.

அப்புறம் என்ன? பீரோ மேல சமையல்!

ஸ்டூலைப் போட்டு ஏறினேன். ஏசி ப்ளக்கை உருவிட்டதால ரூம் வேகுது. ஃபேனை அஞ்சுல வச்சேன். துபாய் மச்சானுக்கு போனைப் போட்டேன்.

"மாப்ள, இதுல மீன் படம் இருக்கு, கோழிக்கால் படம் இருக்கு, கேக் படம் இருக்கு. சீஸ் உருண்டை படத்தக் காணோமே?"

"கோழிக்கால அமுக்குங்க மாமா. ஆமா, ஏன் உங்க குரலு மேலேருந்து வருது?"

"பீரோ மேல சமைக்கிறேன்."

அவன் மெதுவா, "அக்காகிட்ட போனைக் குடுங்க மாமா"ன்னான்.

கோழிக்கால அமுக்கினேன். உள்ள இரைச்சல். கொஞ்ச நேரத்துல வாசனை தூக்குது! அண்ணன் வாசனையைப் பிடிச்சுக்கிட்டே ரூம் வாசல் வரைக்கும் வந்துட்டாரு.

"என்ன தம்பி, அங்க ஏறி என்ன பண்றீங்க?"

"பலகாரம்ணே."

"பீரோ மேலயா?"

"புது முறைண்ணே."

ஏர் ஃப்ரையர் கூடைய இழுத்தேன். கீறல் விட்ட இடத்துல எல்லாம் சீஸ் வெளிய வந்து, ஆத்தங்கரைச் சேறு மாதிரி கொழகொழன்னு கிடக்கு. கொஞ்ச நேரம் ஆறவிட்டு, ஒரு உருண்டையை ஃபோர்க்குல குத்தித் தூக்கினேன். அது வருது, கூடவே சீஸும் நூலா வருது. நானும் கையைத் தூக்குறேன், தூக்குறேன், நூலு அறுந்தபாடில்ல!

தூக்குற ஜோருல ஃபேனை மறந்துட்டேன்.

சடார்!

ஃபோர்க் ஒரு பக்கம் பறந்துச்சு. உருண்டை ரூமைத் தாண்டி, அண்ணனோட சட்டைப் பாக்கெட்டு மேல போயி 'பொத்'துன்னு உக்காந்துச்சு. நூலு இழுத்த இழுப்புல சுவரு, கொசுவலை, ஏசி எல்லாத்துலயும் ஒட்டடை மாதிரி சீஸ்.

கவிதா ஃபேனை நிறுத்தினா. நான் ஸ்டூல் மேலயே நின்னேன். இறங்கினா அவரு மூஞ்சியைப் பாக்கணுமே!

அஞ்சு மா நெல்லும் என் கண்ணு முன்னாடி முளைச்சு நின்னுச்சு.

அண்ணன் பாக்கெட்டுல ஒட்டியிருந்த உருண்டையை எடுத்தாரு. சுத்திச் சுத்திப் பார்த்தாரு. வாயில போட்டுக் கடிச்சாரு. கறுக்குன்னு சத்தம்.

"தம்பி, உள்ள ஒண்ணுமே இல்லையே. வெறும் பதரு!"

"அண்ணே, வயல்ல அப்படி இல்லண்ணே! சத்தியமா மணி பிடிச்சிருக்குண்ணே!"ன்னு பீரோவைப் பிடிச்சுக்கிட்டே கத்தினேன்.

அவரு காதுல வாங்கல. "ஆனா மொறுமொறுன்னு நல்லா இருக்கே. வயித்துக்கும் லேசு. இன்னும் இருக்கா?"ன்னாரு.

மிச்ச பதரையும் தட்டுல கொட்டிக் குடுத்தேன். ஒண்ணு விடாம தின்னுட்டாரு. தின்னு முடிச்சு எழுந்திருக்கறப்பதான் சட்டையைப் பார்த்தாரு. நெஞ்சு முழுக்க மஞ்சக் கறை.

"இதைப் போட்டுக்கிட்டு தெருவுல எப்படிப் போறது? நாலு பேரு பாக்குற ஆளு நான்!"

"கழட்டிக் குடுங்கண்ணே, அலசிப் போட்டா காஞ்சிரும்"னு கவிதா வாங்கிட்டுப் போயிட்டா. என் சட்டைய நீட்டினேன். அவரு உடம்புக்கு அது ஒரு கைக்குத்தான் ஆச்சு. துண்டைப் போத்திக்கிட்டு உக்காந்தாரு.

மானம் மூடிக் கிடக்கு. வெயிலே இல்ல. சட்டை எங்க காயறது?

அப்ப மெஷின் டிரைவர்கிட்ட இருந்து போன். "அண்ணே, மேலத்தெருவுக்குப் போயிரவா? அங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

அண்ணன் துண்டை இழுத்து விட்டுக்கிட்டாரு. "நான் இல்லாம அங்க இறங்காத. வயல் அளவுல தகராறு பண்ணுவாங்க. நான் நம்ம தம்பி வீட்டுல இருக்கேன், என்னால இப்ப நகர முடியாது. சட்டை காயற வரைக்கும் இவங்க வயல்ல ஓட்டிக்கிட்டு இரு."

எனக்குக் கண்ணு கலங்கிருச்சுங்க.

வயல்ல மெஷின் உறுமுற சத்தம் வீடு வரைக்கும் கேக்குது. நான் ஓடிப்போயி பாக்குறேன், ஓடி வர்றேன். மூணு மா முடிஞ்சுது. அப்ப பார்த்து மேகம் விலகி சுள்ளுன்னு ஒரு வெயில்!

கவிதா கொல்லையில இருந்து மெதுவா என்கிட்ட வந்தா. "ஏங்க, சட்டை நல்லா காஞ்சிருச்சு. மடிச்சுக் குடுத்துரவா?"

"இன்னும் ரெண்டு மா இருக்கு. திரும்ப நனைச்சுப் போடு."