சனிக்கிழவன்

அரசாங்க அறிவிப்பு ஒன்றை அலட்சியமாக மொழிபெயர்த்து, ஒரு மழைக்காலம் முழுவதும் வயதானவர்களைக் கடைவாசல் அஞ்சடி நடைபாதையில் படுக்கவைத்தவன் நான். கேட்டபோது, அந்தப் பழியை இல்லாத ஒரு மனிதரின் தலையில் போட்டவனும் நான்தான். இதை இன்றுதான் முதன்முதலாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். முன்பே ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். சொல்லவைத்தவர் பெயர் சனிக்கிழவன்.

உலகத்தில் எல்லோரும் ஒரு தடவைதான் கிழவர் ஆகிறார்கள். வாரத்துக்கு ஒரு தடவை ஆனவர் அவர் ஒருவர்தான்.

அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். தேக்குக் கட்டை மாதிரி உடம்பு. செந்தூல் ரயில் பட்டறையில் பிட்டர் வேலை, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருப்பு. சனிக்கிழமை அரைநாள் வேலை. வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு எழுந்ததும் கிழவராவார். தேங்காய் எண்ணெயில் நனைத்த பஞ்சு காதுகளில் போகும். மூக்குக் கண்ணாடியில் மெழுகைத் தேய்த்துக்கொள்வார். முழங்கால் மடங்காதபடி மூங்கில் பிளாச்சு வைத்துக் கட்டுவார். செருப்புக்குள் இரண்டு கூழாங்கல், அது மூட்டுவாதத்துக்குப் பதிலாக. இந்த அலங்காரத்தோடு தெருவில் இறங்கி, கிழவர்கள் எங்கெல்லாம் போகவேண்டியிருக்குமோ அங்கெல்லாம் போய்வருவார். பொழுது சாயும்போது எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு மறுபடி நாற்பது வயதாகிவிடுவார்.

"எனக்கு வாரத்திலே ஆறு நாளு புருசன், ஒரு நாளு மாமனாரு" என்பார் அவர் மனைவி.

ஏன் இந்த வேஷம் என்று கேட்டால் ஒரே பதில்தான். "ரயிலு வர்றதுக்கு முந்திதானே தண்டவாளம் போடணும்?"

முதல் மாதமே பெரிய சாக்கடையில் விழுந்தார். இடுப்பளவு ஆழம். தூக்கிவிட ஓடிய தெருக்காரர்களான எங்களைக் கையமர்த்தினார்.

"யாரும் தொடாதீங்க! கிழவன் தனியா எப்படி ஏறுவான்னு பாக்கணும்."

கால்மணி நேரம் நாங்கள் வேடிக்கை பார்த்தோம். அவர் பிடித்தார், வழுக்கினார், மறுபடி பிடித்தார். கடைசியில் நிதானமாகச் சொன்னார்:

"சரி, பாத்தாச்சு. ஏற முடியாது. கை குடுங்க."

அடுத்த வாரம் அந்த இடத்தில் ஒரு கம்பிப்பிடி நட்டிருந்தது. பட்டறையில் யாரைக் கேட்டு எடுத்தார் என்று நாங்கள் விசாரிக்கவில்லை.

பழைய மோட்டார் டயரை அறுத்து, கைத்தடி நுனியில் வழுக்காத ரப்பர் செருப்பு மாட்டினார். பால் டின்னுக்கு இரண்டு பக்கமும் கம்பிக் காது வைத்து, கை நடுங்குபவர்கள் சிந்தாமல் தேநீர் குடிக்கும்படி செய்தார். கிராமபோன் குழாயை வெட்டி, காது கேளாத பழைய ரயில்வே கார்டு ஒருவருக்குக் காதுக்குழல் செய்து கொடுத்தார். மறுநாளே அவர் அதைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

"ஏங்க, கேக்கலையா?"

"நல்லாவே கேக்குது தம்பி. மருமக பேசறதெல்லாம் கேக்குது. நீயே வச்சுக்க."

அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தது. எந்தக் கோயிலில் எந்தக் கிழமை சோறு, எந்த மாதா கோயில் பெண்கள் கம்பளி கொடுக்கிறார்கள், எந்தச் சீன வைத்தியர் வயதானவர்களிடம் காசுக்குக் கைநீட்டுவதில்லை, எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எத்தனை படி ஏறவேண்டும் என்ற எண்ணிக்கையும் இருக்கும். "இந்த ஊர்லே உதவி இல்லேன்னு யாரு சொன்னா? இருக்கு. ஏழு படிக்கு மேலே இருக்கு" என்பார்.

இனி என் கதை. மிஷன் பள்ளியில் ஏழாம் வகுப்பு தேறி, ஓர் அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்புக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, சேர்ந்திருந்தேன். ரப்பர் விலை படுத்துவிட்ட காலம். கிள்ளான், ரவாங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வேலை போன வயதானவர்கள் பட்டணத்துக்கு வந்து, கடைகளுக்கு முன்னால் ஓடும் அந்த ஐந்தடி நடைபாதையில் படுத்துக்கிடந்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்காக ஊருக்கு வெளியே ஒரு விடுதி இருந்தது. கட்டில், சோறு, டாக்டர் எல்லாம் உண்டு. அதைப் பற்றிய அறிவிப்பு என் மேசைக்கு வந்தது. விடுதியின் இங்கிலீஷ் பெயரில் 'டெக்ரெபிட்' என்றொரு சொல். தள்ளாதவர் என்று எழுதியிருந்தால் போதும். ஆனால் அது சனிக்கிழமை மதியம். பாடாங் மைதானத்தில் பந்தாட்டம் தொடங்கப்போகிறது. பக்கத்து மேசைக்காரரைச் சிரிக்கவைக்கும் ஆசையும் சேர்ந்துகொண்டது. 'ஒன்றுக்கும் உதவாத கிழடுகளுக்கான கொட்டகை' என்று எழுதினேன். அவரும் சிரித்தார். துரைக்குத் தமிழ் தெரியாது. "வெரி குட்" என்று கையெழுத்துப் போட்டார். அதை அச்சடித்து ஊரெல்லாம் ஒட்டினார்கள்.

சனிக்கிழவனின் நோட்டில் அந்த விடுதிக்குத்தான் முதலிடம். "வாசல்லே படியே இல்லே, தம்பி!" என்று என்னிடம் வந்து குதித்தார். அஞ்சடியில் பக்கம்பக்கமாகப் படுத்திருந்த முத்தையன், காத்தான் என்ற இரண்டு பேரை முதலில் அனுப்பத் திட்டம். முத்தையன், கிள்ளானுக்கு ரயில் கம்பிச்சடக்கு போட்ட காலத்தில் கல் சுமந்தவர். காத்தான் காப்பார் பக்கம் காடு வெட்டியவர். இருவரையும் கிளப்பிக்கொண்டு போகும் வழியில், முடிவெட்டுகிறவர் கடைச் சுவரில் என் அறிவிப்பு. கடைக்காரர் அதைச் சத்தமாகப் படித்தார்.

முத்தையன் நின்றுவிட்டார். "நான் போட்ட சடக்குலேதான்யா இன்னிக்கும் ரயிலு ஓடுது. நான் ஒண்ணுக்கும் உதவாதவனா? வாடா காத்தான், அஞ்சடிக்கே போவோம்."

ஊரிலிருந்த வயதானவர்கள் ஒருவர்கூட அந்த விடுதிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை, கண்ணாடியில் மெழுகோடும் காதில் பஞ்சோடும் சனிக்கிழவன் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"இதை எழுதினது யாரு?"

என் வாய் தானாகப் பேசியது. "மெட்ராஸ்லே ஒருத்தர் எழுதி அனுப்பினது, அண்ணே."

அதை அப்படியே நம்பினார். மெட்ராஸுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். அதோடு விட்டாரா? ஒவ்வொரு கடிதத்தையும் பிழை திருத்த என்னிடமே கொண்டுவந்தார். என்னைத் திட்டிய கடிதங்களுக்கெல்லாம் ஒற்று போட்டவன் நானே.

"'மதிப்பிற்குரிய முட்டாள் அவர்களுக்கு'ன்னு போட்டிருக்கீங்களே, அண்ணே?"

"திட்டினாலும் மரியாதையாத் திட்டணும், தம்பி. மேலே படி."

கப்பல் போயிற்று, கப்பல் வந்தது. பதில் எப்படி வரும்? அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அஞ்சடியில் சாரல் அடித்தது. ஒரு நாள் சனிக்கிழவன் வேஷமில்லாமல் அலுவலகத்துக்கு வந்தார்.

"காத்தான் போயிட்டான், தம்பி" என்றார். பிறகு கேட்டார்: "மெட்ராஸ்லேருந்து ஏதும் வந்துச்சா?"

அன்று நான் சாப்பிடவில்லை. விடுதிக்குப் போயிருந்தால் காத்தான் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. போகாமல் தடுத்தது என் வேடிக்கை என்பது தெரியும். முத்தையன் இன்னும் அதே இடத்தில்தான் படுத்திருந்தார். அவருக்கும் இருமல் தொடங்கியிருந்தது.

ஒரு புதன்கிழமை, வேலை முடிந்ததும் நேராக அவரிடம் போனேன். தேநீர்க் கடை வாசலில் உட்கார்ந்து தடிகளுக்கு ரப்பர் மாட்டிக்கொண்டிருந்தார். தலையில் துண்டு, காதை மூடியிருந்தது. சுற்றிலும் ஆட்கள். குனிந்து, மெல்லிய குரலில் சொன்னேன்:

"அண்ணே, அதை எழுதினது நான்தான்."

"என்னா?"

"எழுதினது நான்தான்."

"கேக்கலே தம்பி. சத்தமாச் சொல்லு."

"நான்தான்னேன்!"

"நீதான் என்னா?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "ஒண்ணுக்கும் உதவாத கிழடுங்கன்னு எழுதினவன் நான்தான்! மெட்ராஸும் இல்லே, மண்ணும் இல்லே! நான்தான்!"

கடையில் தேநீர் ஆற்றிய கை அப்படியே நின்றது. மாட்டுவண்டிக்காரர் வண்டியை நிறுத்தினார். சனிக்கிழவன் சுத்தியலைக் கீழே வைத்தார். அடிப்பார் என்று நினைத்தேன்.

"அப்ப இனி தபால்தலை வாங்க வேண்டியதில்லே. வா, போவோம்" என்றார்.

முத்தையன் முன்னால் கொண்டுபோய் என்னை நிறுத்தினார். "இவன்தான்" என்றார். நான் அவர் காலைத் தொட்டேன். முத்தையன் காலை இழுத்துக்கொண்டார்.

"கால்லே விழுந்து என்னா ஆவப்போவுது, கிராணி? எழுதினதை மாத்து."

"என்னன்னு மாத்தட்டும், ஐயா?"

இருமி முடித்துவிட்டு யோசித்தார். "நான் உதவாதவன் இல்லே. வேலையை முடிச்சவன். அப்படிப் போடு."

'வேலை முடித்தவர்கள் வீடு.' நான் படித்த படிப்பில் இந்தச் சொல் கிடைக்கவில்லை. மறுநாள் துரையிடம், பழைய அறிவிப்பில் பிழை செய்துவிட்டேன் என்று சொல்லிப் புதியதை நீட்டினேன். தமிழை ஒரு முறை உற்றுப் பார்த்துவிட்டு, முன்போலவே "வெரி குட்" என்றார். ஒட்டும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பல ஞாயிற்றுக்கிழமைகள் பசை வாளியோடு பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், கிள்ளான் என்று அலைந்து, பழையதன்மேல் புதியதை ஒட்டினேன். பழையது போன இடமெல்லாம் நானும் போனேன். காத்தானுக்கு மட்டும் எதையும் திருத்திக் கொடுக்க முடியவில்லை.

முத்தையன் என்னை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். நான்காவது தடவை முடிவெட்டுகிறவரைப் படிக்கச் சொன்னார். என்மேல் நம்பிக்கை இல்லை, நியாயம்தான். அதன்பிறகு ரப்பர் செருப்புத் தடியையும் இரட்டைக் காது பால் டின்னையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் போனார்கள். அவர் இருமல் நின்றது. நான் பார்க்கப் போகும்போதெல்லாம், புதிதாக வருபவர்களிடம் "இந்த வீட்டுக்குப் பேரு வச்சவன் நானு" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

இப்போது எனக்கு வாரத்தில் ஏழு நாளும் சனிக்கிழமை. கண்ணில் மெழுகு, காதில் பஞ்சு, முழங்காலில் மூங்கில் எல்லாம் தானாகவே வந்து சேர்ந்துவிட்டன. என் தடி நுனியிலும் டயர் ரப்பர்தான் இருக்கிறது. படி ஏறும்போதெல்லாம் எண்ணுகிறேன். அப்படி ஒரு நாள் எண்ணிக்கொண்டே ஏறும்போதுதான் ஒன்று உறைத்தது. நான் அவரிடம் போனது புதன்கிழமை. புதன்கிழமைகளில் அவர் காதில் பஞ்சு இருந்ததே இல்லை. வெறும் துண்டு காதை அடைக்குமா?

பாவி மனுஷன், நான் சொன்னதை முதல் தடவையே கேட்டுவிட்டிருக்கிறார்.